புளி போட்டுத் துலக்கிய தாழ்ப்பாள்

ஐந்தாம் எண் அறைக் கதவு மறுபடியும் சண்டித்தனம் செய்தது. உள்ளே பெங்களூரிலிருந்து வந்திருந்த அம்மாள் சாவியைத் திருகித் திருகி அலுத்துப்போய், இப்போது கையால் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே லூர்துசெல்வி காபித் தட்டைத் தரையில் வைத்தாள். கதவின் அடியில் வலது கால் பெருவிரலைக் கொடுத்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினாள்.

"மேடம், சாவிய ஒரேயடியா உள்ள தள்ளாதீங்க. ஒரு நூல் வெளிய இழுத்துக்கிட்டுத் திருப்புங்க. நான் கதவத் தூக்கிப் புடிச்சிருக்கேன்."

"எனக்கு சன்ரைஸ் போயிடுச்சு!"

"நாளைக்கும் உதிக்கும் மேடம். நீங்க திருப்புங்க."

இரண்டு பேரும் இரண்டு பக்கமும் மல்லுக்கட்டியதில் பூட்டு 'கடக்' என்று விட்டுக்கொடுத்தது. அம்மாள் கேமராவோடு வெளியே பாய்ந்து கடற்கரையைப் பார்க்க ஓடினார். காபி ஆறிப்போயிருந்தது. லூர்துசெல்வி கால் விரலைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது மாடிப்படி முனையில் மேனேஜர் இராமதாஸ் நின்றிருந்தார்.

"இன்னிக்கு இது மூணாவது கதவும்மா. முப்பத்தொண்ணாந்தேதி ஓனர் மதாம் பாரிஸ்லேர்ந்து வர்றாங்க. அவங்க முன்னாடி ஒரு கதவு மக்கர் பண்ணாலும் என் தலைதான் உருளும்."

மனிதர் பயந்தவரே தவிர மோசமானவர் இல்லை. லூர்துசெல்வி அதைத் தெரிந்துதான் கேட்டாள்.

"எல்லாப் பூட்டையும் நான் சரி பண்ணிக் குடுத்தா, எங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பா போட விடுவீங்களா சார்?"

இராமதாஸ் யோசித்தார். "ஆணி அடிக்கக் கூடாது."

"அடிக்கல."

"அப்ப போட்டுக்க. முதல்ல இதுங்களப் பாரு."

கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த கெஸ்ட் ஹவுஸில் மாடியும் கீழுமாக ஒன்பது அறைகள். பின்கட்டில், கிணற்றை ஒட்டி, வேலை செய்யும் பெண்களுக்கென்று ஒரு கக்கூஸ். முன்பு வீட்டாரின் குளியலறையாக இருந்ததால் அதற்கும் நல்ல தேக்குக் கதவுதான். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் இறுகிப்போயிருந்த பழைய தாழ்ப்பாளைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். கூட வேலை செய்யும் மேனகா ஒரு முறை கடையில் தாழ்ப்பாள் வாங்கி வந்து ஆணி அடித்துவிட்டாள். மறுநாளே பிடுங்கச் சொல்லி உத்தரவு. மதாமின் தாத்தா காலத்துக் கதவு அது. கேட்காமல் அந்த வீட்டில் ஒரு காலண்டர்கூட மாட்ட முடியாது.

அதனால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நிற்பாள். மேனகா வைத்திக்குப்பத்துப் பெண், வாய்த்துடுக்கு அதிகம், யாருக்கும் பயப்படாதவள். போன மாதம் லூர்துசெல்வி லீவு போட்ட ஒரு நாள், பைப் ரிப்பேருக்கு வந்தவன் தெரியாமல் கதவைத் தள்ளிவிட்டான். அன்றிலிருந்து மேனகா வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். ஒன்பது அறைக்குத் துடைத்து, துவைத்து, மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குகிறவள். நீர்க்கடுப்பு வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயிற்று.

"டாக்டரு இன்னாடி சொன்னாரு?"

"தண்ணி நெறைய குடிக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு மேனகா சிரித்தாள். அந்தச் சிரிப்பு லூர்துசெல்விக்குப் பிடிக்கவில்லை. கூடப்பிறந்தவளுக்கு வந்த நோயைப்போல அது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

பூட்டைப் பற்றி ஆளுக்கொரு வியாக்கியானம் வைத்திருந்தார்கள். உப்புக் காத்து என்றார் வாட்ச்மேன் ராஜாங்கம். கண்ட சாவி போட்டுத் திருகினால் அப்படித்தான் ஆகும் என்றார் இராமதாஸ். ஆனால் ஒன்று மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. காலையில் அடம் பிடிக்கிற பூட்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் திறந்துகொண்டது. உப்புக் காத்து மதியம் மட்டும் லீவா என்று மேனகா கேட்டாள்.

மறுநாள் காலை உப்பளம் பகுதியிலிருந்த தன் வீட்டில், லூர்துசெல்வி வேலைக்குக் கிளம்பும்போது மகள் ஜூலி கத்தினாள்.

"அம்மா, எண்ணெ வரல!"

தேங்காயெண்ணெய் பாட்டில் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. மார்கழிக் குளிருக்கு வழக்கமாக ஆவதுதான். ஜூலி அதை வெயில் படும் சுவரோரம் வைத்துவிட்டுத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். லூர்துசெல்வி பாட்டிலையே பார்த்தாள். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் பூட்டெல்லாம் இறுகுகிறதென்று வீட்டிலிருந்து அரை பாட்டில் தேங்காயெண்ணெய் கொண்டுபோய் ஒன்பது பூட்டிலும் ஊற்றியவள் அவளேதான். பிள்ளை தலைக்கு ஊற்றுவதுபோல் தாராளமாக ஊற்றியிருந்தாள். தலைக்கு வைக்கிற எண்ணெய் உறைந்தால் பூட்டுக்குள் இருப்பது மட்டும் உருகியா இருக்கும்?

வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அதை இராமதாஸிடம் சொன்னாள். "வேற யாரும் இல்ல சார். நான்தான்." அவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். பிறகு தன் வீட்டு வாசற்பூட்டுக்கும் போன வாரம் அதே வைத்தியம் செய்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

முத்தியால்பேட்டையில் சாவி வெட்டுகிறவரிடம் இராமதாஸே போனில் கேட்டுச் சொன்னார். எந்த எண்ணெயும் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கடலோரத்தில் உப்பையும் சேர்த்துப் பிடிக்கும். பெட்ரோலில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பென்சில் கரியைத் தூவினால் போதும்.

ராஜாங்கம் தன் மொபெட்டிலிருந்து ஒரு டம்ளர் பெட்ரோல் பிடித்துக் கொடுத்தார். வாயிலிருந்த பீடியை அணைத்துவிட்டு வரச் சொல்லி மேனகா அவரைத் துரத்தினாள். கெஸ்டுகள் காலி செய்த அறைகளிலிருந்து ஒவ்வொரு பூட்டாகத் திருகாணி கழற்றிக் கிணற்றடிக்கு வந்தது. பழங்காலத்து இரும்புப் பெட்டிப் பூட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு செங்கல் கனம். மூடியைத் திறந்தால் உள்ளே மஞ்சளாக ஒரு களிம்பு.

லூர்துசெல்வி விரலில் தொட்டு முகர்ந்தாள். "இன்னாது, சந்தன வாசன வருது?"

ராஜாங்கம் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆயுதபூஜைக்கு ஒன்பது பூட்டுக்கும் சந்தனம் குழைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டியவர் அவர்தான். பொட்டு எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று சாவித் துவாரத்தின் மேலேயே வைத்திருந்தார்.

"பூட்டுக்குக் கண்ணு அதானம்மா?" என்றார் பரிதாபமாக.

"கண்ண அடச்சிட்டு பொட்டு வச்சேன்றாரு பாரு" என்றாள் மேனகா. கிணற்றடியே சிரித்தது. அவரது சந்தனமும் லூர்துசெல்வியின் எண்ணெயும் சேர்ந்து செய்த கல்யாணம் அது என்று இராமதாஸும் தன் பங்குக்குச் சொன்னார்.

இரண்டு நாள் அந்த வேலை நடந்தது. அறை பெருக்கி, மெத்தை விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, அதற்கிடையில்தான் இதுவும். லூர்துசெல்வி பழைய பல் பிரஷால் பூட்டுக்குள் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். ஜூலியின் படம் வரையும் பென்சிலை உப்புத்தாளில் உரைத்துக் கரியாக்கி, இளநீர்க் குழலால் துவாரத்துக்குள் ஊதினாள். பெட்ரோல் பட்டு விரல் நுனிகள் வெளுத்து வெடித்தன. ஆனாலும் அந்தக் கைகள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். எந்தத் திருகாணி எந்தக் கதவுக்கு என்று ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பூட்டு மாட்டிச் சாவியைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டாள். சத்தம் பிடிக்கவில்லையென்றால் மறுபடி கழற்றினாள்.

எட்டுக் கதவுகள் வழிக்கு வந்தன. ஐந்தாம் எண் மட்டும் பூட்டைக் கழுவிய பிறகும் முரண்டு பிடித்தது. கதவு திறந்திருக்கும்போது சாவி நன்றாகத் திரும்பியது. சாத்தினால் நின்றுவிட்டது.

"அப்ப குத்தம் பூட்டுல இல்ல" என்ற லூர்துசெல்வி, ராஜாங்கத்திடம் மிச்சமிருந்த குங்குமத்தை வாங்கிப் பூட்டின் நாக்கில் தடவினாள். கதவைச் சாத்தி ஒரு திருகு. திறந்து பார்த்தபோது நிலையில் இருந்த தகட்டில், ஓட்டைக்கு ஒரு விரற்கடை கீழே சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. கதவு தொங்கியிருக்கிறது. மேல் கீலின் திருகாணிகள் அரித்த மரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தன. இராமதாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். மேனகா தீக்குச்சிகளின் தலையைக் கிள்ளிப்போட்டுக் கொடுக்க, லூர்துசெல்வி அவற்றை ஓட்டைக்குள் அடைத்துத் திருகாணியை இறுக்கினாள். இப்போது சாவி திரும்பிய சத்தம் சொடக்குப் போட்டதுபோல் கேட்டது.

"குங்குமம் வச்சா எல்லாம் சரியாவும்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார் ராஜாங்கம்.

முப்பதாம் தேதி சாயங்காலம்தான் லூர்துசெல்வி தன் சொந்த வேலையான தாழ்ப்பாளுக்கு வந்தாள். சாமான் அறைத் தகரப்பெட்டியின் அடியில் அந்தப் பழைய தாழ்ப்பாள் கிடந்தது. ஒரு முழ நீளம். அதன்மேல் எத்தனை தரம் பெயின்ட் அடித்திருந்தார்களோ, கம்பி வளையத்தோடு ஒட்டிப்போய் அசையவில்லை. வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டியபோது அடியில் பித்தளை தெரிந்தது. கம்பி ஓட ஆரம்பித்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் லூர்துசெல்வி கிறிஸ்மஸுக்குக் கோயில் மெழுகுத்திரித் தண்டுகளைத் துலக்கிய கைக்காரி. பித்தளையைக் கறுப்பாகப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. புளியைக் கரைத்து, சாம்பலைத் தொட்டு, அது பொன்னாக மின்னும்வரை தேய்த்தாள்.

கக்கூஸ் கதவில் பழைய திருகாணி ஓட்டைகள் அப்படியே இருந்தன. தாழ்ப்பாள் அதில் வந்து தானாகப் பொருந்திக்கொண்டது. மேனகா உள்ளே போய்த் தள்ளினாள். சத்தமே இல்லாமல் ஓடி நின்றது.

"அக்கா, தள்ளிப் பாரு!"

லூர்துசெல்வி வெளியிலிருந்து தள்ளினாள். தோள் கொடுத்துத் தள்ளினாள். கதவு அசையவில்லை.

"நீ போக்கா, போயி வேலயப் பாரு" என்று உள்ளேயிருந்து மேனகாவின் குரல் வந்தது. "எனக்கு யாரும் வேணாம்."

வெளியே வர அவள் வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். வந்ததும் கிணற்றடியில் நின்று ஒரு பாட்டில் தண்ணீரைக் கீழே வைக்காமல் குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த லூர்துசெல்விக்கு மனம் நிறைந்துவிட்டது. இரண்டு நாள் எரிந்த விரல்கள் அப்போது எரியவில்லை.

மறுநாள் மதியம் லினெட் மதாம் வந்தார். வெள்ளை முடி, பருத்திப் புடவை, சாவிக்கொத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு தானே ஒவ்வொரு கதவாகத் திறந்தார். ஐந்தாம் எண்ணைத் திறந்து, பூட்டி, மறுபடியும் திறந்தார்.

"சின்ன வயசுலதான் இந்தச் சத்தத்தக் கேட்டிருக்கேன். யார் பண்ணது?"

"லூர்துசெல்வி, மதாம்" என்றார் இராமதாஸ். தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மதாம் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "மெர்சி லூர்து, ரொம்ப நன்றி. உன் கைய எங்கே வச்சுக் கும்பிடுறது?"

லூர்துசெல்விக்குக் கூச்சத்திலும் சந்தோஷத்திலும் என்ன செய்வதென்று தெரியவில்லை. "பின்னாடி இன்னொண்ணும் இருக்கு மதாம். வந்து பாருங்க" என்று அவளே அழைத்துக்கொண்டு போனாள்.

திறந்த கதவில் பின்கட்டு வெயில் பட்டுத் தாழ்ப்பாள் பளபளத்தது. மதாம் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது எங்க தாத்தா காலத்துது இல்ல? எப்படி மின்னுது! இதப் போயி இங்க வச்சிருக்கீங்களே."

"இது இங்கதான் மதாம் இருந்துச்சு. பழைய ஓட்டையிலதான் மாட்டுனேன். ஆணி அடிக்கல."

"புத்திசாலி" என்று மதாம் அவள் தோளைத் தட்டினார். "இராமதாஸ், இத ஒரு பலகையில பொருத்தி ரிசப்ஷன் சுவத்துல மாட்டிடலாம். வர்றவங்க பாக்கட்டும். லூர்து, நீயே கழட்டிக் குடும்மா. வேற யாராவது தொட்டாக் கீறிடுவாங்க."

"அப்ப எங்களுக்கு, மதாம்..."

"உங்களுக்கு வேற ஒண்ணு பாக்கலாம். பொங்கல் கழியட்டும். ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க."

இராமதாஸ், மதாம் திருப்பிக் கொடுத்திருந்த சாவிக்கொத்தில் எதையோ தேடினார். லூர்துசெல்வி இடுப்பில் செருகியிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். நேற்று இறுக்கிய திருகாணிகள், சுலபமாக வந்தன.

சாயங்காலம் ரிசப்ஷனில் கேக் வெட்டினார்கள். மேனகா தட்டுகளைக் கழுவிப்போட்டுவிட்டு அவசரமாகப் பின்கட்டுக்கு வந்தாள்.

"அக்கா, வர்றியா? காலையிலேர்ந்து ரெண்டு பாட்டிலு குடிச்சிட்டேன்." கதவைத் தொட்டவள் ஒரு நிமிஷம் அந்த வெற்று ஓட்டைகளைப் பார்த்தாள். "நீ புளி போட்டுத் தேய்க்காம இருந்திருந்தா அவங்க கண்ணுலயே பட்டிருக்காது."

"உள்ள போடி."

லூர்துசெல்வி கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றாள். அங்கிருந்து நடைவழியின் மறுகோடியில் ரிசப்ஷன் சுவர் தெரிந்தது. பெங்களூர் அம்மாள் பலகையில் மின்னிய தாழ்ப்பாளை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சத்தமில்லாமல் அந்தப் பக்கம் ஓடியது, இந்தப் பக்கம் ஓடியது.

"அக்கா, இருக்கியா?" என்றாள் மேனகா உள்ளேயிருந்து.

"இருக்கேன்டி" என்று சொல்லி, லூர்துசெல்வி காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.