கதவில் ஒட்டிய துண்டு

கதிர்காமநாதனின் தலையைத் திறந்து கட்டியை எடுத்த டொக்டர் பதியுதீன், அவரை வீட்டுக்கு அனுப்பும்போது மனைவி கனகேஸ்வரியிடம் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். மூளையில் கத்தி பட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் கூடவே படுத்துவிடும். வீக்கம் வற்றக் கொடுக்கிற ஸ்டீரொய்ட் குளிசை மிச்சம் மீதியையும் அடக்கிவிடும். ஆறு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு, ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. சாதாரணத் தடிமன் நெஞ்சில் இறங்கினாலே ஆள் தப்புவது கஷ்டம்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு, சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் தமிழரைச் சோதிக்கச் சந்திக்குச் சந்தி துவக்கோடு காவல் நின்றது. அவருடைய உடம்புக்குள்தான் ஒரு காவலும் இல்லை.

நோயாளியைப் பார்க்க வராதீர்கள் என்று எங்கள் சனத்திடம் சொல்வதைவிட மூளையை வெட்டுவது சுலபம். கதிர்காமநாதனே அதில் பெரிய விண்ணர். இருமிக்கொண்டே ஹோர்லிக்ஸ் போத்தலோடு போய், எத்தனையோ பேரின் கட்டிலில் குந்தியிருந்து எழும்பி வந்தவர்.

தொற்று ஆபத்து, ஒருவரும் உள்ளே வரவேண்டாம் என்று டொக்டர் மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்த துண்டுக் கடதாசியைக் கனகேஸ்வரி கதவில் ஒட்டினாள். அன்று பின்னேரமே ஒன்றுவிட்ட தமையன் வரதராசா குடும்பமாக ஏழு பேரோடு வந்தார். துண்டை வாசித்தார். நல்ல வடிவாக எழுதியிருக்கிறது என்று மெச்சினார்.

“இது பிறத்தியாருக்கு, தங்கச்சி. நாங்கள் சொந்தமெல்லே,” என்றவர், உள்ளே போய், கொண்டு வந்த முந்திரிப்பழக் குலையின் மேல் இரண்டு தரம் தும்மிவிட்டு, பழத்தைக் கதிர்காமநாதனின் கையில் கொடுத்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல். திரும்ப ஆஸ்பத்திரி. ஒன்பது நாள் ஊசி மருந்தில் கிடந்து, மயிரிழையில் தப்பி வந்தார். வீட்டு வாசலில் வரதராசா பெரிய ஹோர்லிக்ஸ் போத்தலோடு காத்து நின்றார்.

கதிர்காமநாதனை உள்ளே கிடத்திவிட்டு வந்த கனகேஸ்வரிக்கு, ஆத்திரத்தில் பொய் தன்பாட்டில் வாயில் வந்தது. வந்து போகிற எல்லாருடைய பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பொலிசுக்குக் கொடுக்க வேண்டுமாம், பேனை எடுத்து வரட்டோ என்று கேட்டாள். வரதராசாவுக்குக் கல்கிசையில் ஏதோ அவசர வேலை நினைவு வந்தது. டொக்டரின் எழுத்துக்கு மசியாத சனம், பொலிஸ் என்ற சொல்லுக்கு அடங்கியது. அவர் மூலம் கதை பரவி, மூன்று கிழமைக்கு ஒரு காக்காய் குருவிகூட வரவில்லை. ஆனால் கதிர்காமநாதன் சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கினார்.

“நான் போகாத வீடில்லை. எனக்கெண்டு ஒருத்தரும் வரேல்லைப் பாரும்,” என்றார்.

அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் அவரே ஆளனுப்பிக் கூப்பிடுவார்.

ஒரு காலை கதவு தட்டப்பட்டது. உண்மையாகவே பொலிஸ், வீட்டுப் பதிவைச் சரிபார்க்க வந்த சார்ஜன்ட். கனகேஸ்வரி கதவைப் பாதி திறந்தபடி நின்றாள். சிங்களத்தில் தட்டுத்தடுமாறி ஒப்பரேஷன் என்றாள், கதவில் இருந்த துண்டைக் காட்டினாள். சார்ஜன்ட் அதை முழுவதும் வாசித்தார். லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

“அம்மா, எனக்குத் தடிமன். உள்ளே வாறது சரியில்லை,” என்றார் கொச்சைத் தமிழில்.

அடையாள அட்டைகளைக் கதவடியில் வைத்தே பார்த்தார். உள்ளே படுத்திருக்கிற மாத்தயாவுக்குச் சுகம் வரட்டும் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கனகேஸ்வரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள்.

“இஞ்சாரும், ஆர் வந்தது?” உள்ளே இருந்து ஆசையோடு குரல் கேட்டது. “எங்கட சொந்தக்காரரோ?”

அவள் கண்ணைத் துடைத்தாள்.

“ஓம்,” என்றாள்.