பூஜ்யங்கள் நிரப்பிய இடம்

பிப்ரவரி மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. பெய்வதாகவும் இல்லை, விடுவதாகவும் இல்லை என்னும்படி காலையிலிருந்து ஒரு தூறல். நான்காம் மாடியின் சன்னல் கண்ணாடிகள் யாவும் மங்கியிருந்தன. மாலை ஐந்து மணிக்கு அவ்வாண்டு வெளியீட்டுக்கான கதவு அடைபடும். அதற்குள் தான் எழுதிய கணினி நிரல் உள்ளே போயாக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அன்று வேறு எண்ணம் கிடையாது.

கணினியை நடத்தும் இயங்குதளத்தின் கருவில், நினைவகத்தில் யாருக்கு எங்கே இடம் என்று பிரித்துக் கொடுப்பது அவளது வேலை. வெளியிலிருந்து சிறு சிறு நிரல்கள் கருவுக்குள் வரும். வந்த கணமே எந்திரக் கட்டளைகளாக மாற்றப்பட்டு அங்கேயே ஓடும். முந்நூறு பைட் போதுமான குட்டி நிரலுக்கும் நான்காயிரத்துச் சொச்சம் பைட் கொண்ட முழுப் பக்கம் ஒன்றை ஒதுக்குவதே பழைய வழக்கம். ஒற்றை ஆளுக்கு ஒரு மாளிகை. இடம் வீணாவது ஒருபுறம் இருக்க, பக்கங்கள் பெருகப் பெருக அவற்றின் முகவரிகளை நினைவில் வைத்திருக்க முடியாமல் கணினியின் மூளையான செயலி திணறியது. ஆகவே ஒரே பெரிய பக்கத்தை வாங்கி, அதற்குள் நூற்றுக்கணக்கான நிரல்களை நெருக்கிக் குடிவைக்கும் முறையை அவள் எழுதினாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவளுக்கு ‘ஒண்டுக்குடித்தனம்’ என்று பெயர்.

அதை ஏற்க வேண்டியவர் கருவின் பொறுப்பாளர். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: ‘மாட்டேன்’. பதினொரு மாதங்களில் எட்டு முறை அனுப்பினாள். எட்டு முறையும் திருப்பினார். நிரல் ஓடுகிற இடத்தில் எழுதவும் முடிகிறது, அது ஆபத்து என்றார். நியாயம்; சரிசெய்தாள். விளக்கக் குறிப்பு ஒன்று நீளமாக இருக்கிறது என்பதற்காகவும் ஒருமுறை திருப்பினார். அன்று மாலை அவள் வீட்டில் பாத்திரம் துலக்கிய சத்தம் தெருமுனை வரை கேட்டது.

வீட்டில் இதை அறியாதவர் எவருமில்லை. மாமியாரைப் பொறுத்தவரை அந்த நிரல், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்காமல் அலைகிற ஒரு பிள்ளை.

அவள் ஒன்பதாம் முறை அனுப்பிய நிரலை எட்டு எந்திரங்களில் ஓட்டிப் பார்க்கும் சோதனைக்கூடத்துக்காரர் இரண்டு மணிக்கு வந்தார். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். தோள் அகலத்தினால் ‘கரடி’.

“மூணாம் நம்பர் மெஷின் மறுபடி படுத்துடுச்சு.”

“மறுபடியா?”

“நேத்து ஒரு தடவை, இன்னைக்கு ஒரு தடவை. மெமரி பழசு. அப்படித்தான் அறிக்கையில எழுதியிருக்கேன். மத்த ஏழும் மூணு நாளா ஜம்முன்னு ஓடுது.”

“என்னன்னு பார்க்கட்டுமா?”

“தாயே, கும்பிடறேன். இன்னைக்கு மட்டும் பார்க்காதே.”

அவளும் பார்க்கவில்லை. மூன்றரை மணி வரையில் பார்க்கவில்லை. மேசையைத் துடைத்தாள், துடைத்த மேசையையே மீண்டும் துடைத்தாள். நடுவில் கணவர் அழைத்தார்.

“ஏம்மா, உள்ள போச்சா? அம்மா கேக்கறாங்க.”

“இன்னும் இல்லைங்க.”

பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “அந்தப் புள்ளைக்கு இன்னுமா இடம் கெடைக்கல? வேற நல்ல ஸ்கூலாப் பாக்கச் சொல்லுடா!”

தொலைபேசியை வைத்தவள், கை அரிப்பு தாளாமல் அந்த மூன்றாம் எந்திரத்தின் பதிவைத் திறந்தாள்.

செயலி கடைசியாக விழுந்துகிடந்த இடம், யாருமே அழைத்திராத ஒரு நிரலின் உள்ளே. எப்படி அங்கு வந்தது? அதே பக்கத்தில் அதற்கு முந்தைய வீட்டைப் பார்த்தாள். அது காலி. குடியிருந்த நிரல் வெளியேறியதும் அவ்விடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பியது அவள்தான். வேறு எவரோ எழுதிய பகுதி ஒன்று, வெளியேறிய நிரலைப் பழைய முகவரியில் தேடி வந்திருக்கிறது. பழைய முறையாயின் அந்தப் பக்கமே இருந்திராது. செயலி வாசலிலேயே கூச்சலிட்டு நின்றிருக்கும். இங்கோ பூஜ்யங்கள். மனிதக் கண்ணுக்கு அவை வெறுமை. இந்தச் செயலிக்கோ இரண்டு பூஜ்யங்கள் சேர்ந்தால் செல்லுபடியாகும் கட்டளை: நினைவகத்தில் உள்ள எண் ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டு. ஆகவே அது கூட்டியது. யாருடைய எண்ணையோ கெடுத்துக்கொண்டே வழுக்கிச் சென்று, அடுத்த வீட்டுக்குள் புகுந்தது.

‘நில்’ என்னும் கட்டளையால் நிரப்பியிருக்க வேண்டும். ஒரே வரி.

கரடியை அழைத்துக் காட்டினாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“பார்க்காதேன்னு சொன்னேன்ல? சரி, செத்துப்போன நிரலைக் கூப்பிட்டது எவனோ. அவன் தப்பு. உனக்கென்ன?”

“கூப்பிட்டது அவன் தப்புதான். வழியில வெளக்கெண்ணெய ஊத்தி வெச்சது நானாச்சே!”

நான்கு முப்பத்தைந்துக்குப் பொறுப்பாளர் வந்தார். குடையிலிருந்து நீர் சொட்டிற்று. முகத்தில் சிரிப்பு, பதினொரு மாதங்களில் அவள் முதன்முறையாகக் காணும் சிரிப்பு.

“என்ன மேடம், அலைய விட்டுட்டேன்னு கோபமா? இந்த ஒன்பதாவது நல்லா வந்திருக்கு. இப்பவே சேர்த்துடறேன்.”

“வேண்டாம் சார்.”

“அட, இன்னும் கோபம் தீரலையா?”

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் நின்றபடி படித்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடி படித்தார்.

“பூஜ்யமா போட்டிருக்கீங்க?”

“அந்த வரிக்கு மேல இருக்கே குறிப்பு, ‘இடம் சுத்தம் செய்யப்பட்டது’ன்னு. அதைத்தான் சார் நீளமா இருக்குன்னு திருப்பினீங்க. நான் ஒரு நாள் உக்காந்து குறிப்பைக் குறைச்சேன்.”

அவர் குடையைக் கீழே வைத்தார்.

“குறிப்பைப் பார்த்தேன். வரியைப் பார்க்கல.”

“எட்டு தடவை!”

“நீங்க மட்டும் பார்த்தீங்களாக்கும்?”

அந்தத் திரையைத் தூக்கிச் சன்னல் வழியே எறிந்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

“ஒரு வரிதானே சார்,” என்று கரடி இடையில் புகுந்தார். “மாத்திட்டு அப்படியே போட்டுடலாமே. இருபது நிமிஷம் இருக்கு.”

பொறுப்பாளர் அவளைப் பார்த்தார். அவள் ‘சரி’ என்றால் அவரும் தலையாட்டுவார் என்று தோன்றியது. அதுதான் அவளுக்கு மேலும் எரிச்சலூட்டியது.

“ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி மூணு நாள் சோதனையில ஓடணும். விதி யார் போட்டது சார்?”

“நான்தான்.”

“அப்ப என்னைப் பார்க்காதீங்க.”

திரும்பப்பெறுதல் என்ற பொத்தானை அவளே அழுத்தினாள். ‘உறுதியா?’ என்று எந்திரம் கேட்டது. “இது வேற!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். இனி அடுத்த ஆண்டுதான். அதுவரையில் குட்டி நிரல் ஒவ்வொன்றும் தன் மாளிகையில் கால்நீட்டிப் படுத்திருக்கும்.

தொலைபேசி ஒலித்தது. இம்முறை மாமியாரே பேசினார்.

“என்னம்மா, சேத்துக்கிட்டாங்களா?”

“சேத்துக்கறேன்னுதான் அத்தை சொன்னாங்க. நான்தான் திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

“ஐயையோ! ஏன்?”

“புள்ள மேல தப்பு, அத்தை.”

வெளியே தூறல் அப்படியே இருந்தது. அப்போது மணி நான்கு ஐம்பத்திரண்டு.