முழங்கையில் மாவு

ஏழாவது கதையைப் படித்து முடித்தபோது அடுப்பில் காப்பி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் தோன்றவில்லை. புத்தகத்தின் அட்டையில் வெர்னா லிண்ட்குவிஸ்ட் என்று என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கதையை நான் எழுதியதாக எனக்கு நினைவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் விண்வெளிக் கதைகளுக்கென்றே மலிவுப் பத்திரிகைகள் வந்தன. எங்கள் பத்திரிகை கிளார்க் டென்னிங் என்று ஒரு பொதுப் புனைபெயரை வைத்திருந்தது. அப்படி ஓர் ஆள் பிறக்கவே இல்லை. நான் எழுதினாலும் அந்தப் பெயர்தான், அடுத்த தெரு ஆர்வில் ஹாப்ட் எழுதினாலும் அந்தப் பெயர்தான். சனிக்கிழமைகளில் ஆர்வில் என் சமையலறையில் உட்கார்ந்துகொள்வான். நான் ரொட்டிக்கு மாவு பிசைவேன், அவன் காப்பி குடித்தபடி டென்னிங்கின் அடுத்த கதையைப் பற்றி அளப்பான். ஒரு குளிர்காலம் பனியில் கார் சறுக்கிப் போய்ச் சேர்ந்தான். நானும் எழுதுவதை விட்டேன். அப்புறம் எங்களை ஒரு நாயும் சீண்டவில்லை. இப்போது மாலரி என்கிற பதிப்பாளப் பெண் பழைய இதழ்களையும் என்னையும் ஒருசேரத் தோண்டியெடுத்து, டென்னிங் கதைகளை என் பெயரில் புத்தகமாகப் போட்டிருக்கிறாள். விமர்சகர்கள் எல்லோரும் ஏழாவது கதையைத்தான் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். சனிக் கோளின் நிலவில் ஒரு பெண் மாவு பிசைந்தபடி, வெளியே போன புருஷனுக்காகக் காத்திருக்கிற கதை.

சாயங்காலம் என் மகன் டுவேன் வந்தான்.

"ஏம்மா, உன்னையே அப்படியே எழுதி வச்சிருக்க?"

"முழுசாப் படிச்சியாடா?"

"பாதியில தூங்கிட்டேன். அதுக்குள்ளயே தெரிஞ்சிருச்சே. யோசிக்கிறப்ப மாவுக் கையால இடது முழங்கையத் தேய்க்கிறாளே, அது நீதான?"

"நானா? எப்ப தேய்ச்சேன்?"

"இந்தா, இப்பக்கூடத்தான் தேய்க்கிற!"

குனிந்து பார்த்தேன். கை அங்கேதான் இருந்தது.

எனக்கே தெரியாததை நான் எப்படி எழுதியிருக்க முடியும்? அப்படியானால் ஆர்வில்தான். சனிக்கிழமை சனிக்கிழமையாக என் முழங்கையையா பார்த்துக்கொண்டிருந்தான்? இந்த வயதில் முகம் சூடாகிவிட்டது. சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. என் புத்தகத்தில் ஒரே நல்ல கதை அவனுடையதா? ஆனால் அடுத்த பக்கத்தில் அந்தப் பெண், புருஷன் திரும்பி வராமலே போய்விட்டால் என்ன என்று ஒரு கணம் ஆசைப்படுகிறாள். அது என்னுடையது. என் புருஷன் கார்லின் கப்பல் ஏரிப் புயலில் தாமதமானபோது எனக்குள் வந்து போன ஆசை. பாதிரியாரிடம்கூட நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆர்விலுக்கு எப்படித் தெரியும்? பார்த்தே தெரிந்துகொண்டானா? இல்லை, நானே எழுதிவிட்டு மறந்து தொலைத்தேனா? எந்தப் பக்கம் போனாலும் தலை சுற்றியது.

மாலரிக்குப் போன் போட்டேன்.

"அது என் கதைதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கும்மா."

"ஐயோ வெர்னா, நூலகத்துல நீங்க அதைப் படிக்கிறதக் கேக்கத்தான் ஜனங்க வர்றாங்க! உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி."

"அடக்கமா? எனக்கா? அந்தப் பத்திரிகை ஆளுங்க யாராச்சும்..."

"ஒருத்தரும் உயிரோட இல்லை. நல்ல ஸ்வெட்டரா போட்டுக்கிட்டு வாங்க."

எங்கள் ஊர் டுலூத் நூலகத்தின் கீழ்த்தளத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. எலுமிச்சைக் கேக் துண்டுகள் நிறைந்த தட்டோடு டுவேன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். படித்தேன். அந்த ஆசை வரும் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். முடித்ததும் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

"அந்தக் கதையில வர்ற பொம்பள யாருங்க? நிஜமாவே இருந்தவங்களா?"

யார் எழுதியது என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். இதற்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

"நான்தான்" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். தூங்கிப்போன மிச்சப் பாதியை இப்போதுதான் கேட்டிருந்த டுவேன் தட்டவில்லை. கேக் துண்டை வாயருகே பிடித்தபடி, தின்னவும் இல்லாமல் கீழே வைக்கவும் இல்லாமல், அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பொடிச் சர்க்கரை அவன் சட்டையில் உதிர்ந்துகொண்டிருந்தது.