புகையாக வந்த புறா

பல் டாக்டர் தன் பழைய கேமராவை மேசைமேல் பொத்தென்று வைத்தார். மூன்று மாதமாக மலையும் சரி, மீன்கொத்தியும் சரி, எடுத்த படமெல்லாம் கலங்கியே வந்தன. அந்தப் பாழாய்ப்போனதைத் தலைமுழுகிவிட்டுப் புதுசு வாங்கத்தான் மனைவியின் தம்பி கடைக்கு வந்திருந்தார்.

மச்சினன் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தான். "இது மலை, ஏரிக்கு, மாமா. இது பறவைக்கு, தூரத்துல இருக்கறத கிட்ட இழுத்துக் காட்டும். எதிர்க் கூரையில புறா உக்காந்திருக்கு, எடுங்க பாப்போம்."

எடுத்தார். புறா புகையாக வந்தது. அடுத்த கேமராவிலும் அதே புகைதான்.

மச்சினன் விளையாட்டாக அவருடைய பழைய கேமராவைத் தூக்கி, சன்னல் பக்கம் திரும்பி ஒரு தடவை அழுத்தினான். புறாவின் கழுத்திறகை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

"இதுல ஒரு கோளாறும் இல்லையே, மாமா!"

டாக்டருக்குத் தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கும் முதலில் பேனாதான் சரியில்லாமல் போயிற்று. ஒரே வருஷத்தில் நான்கு பேனா மாற்றினார். அப்புறம் தம்ளரைப் பிடித்துக்கொள்ளவே ஆள் வேண்டியிருந்தது.

வலது கையைச் சட்டென்று பேன்ட் பைக்குள் விட்டார். அங்கேயும் அது சும்மா இருக்கவில்லை.

"அவசரத்துல அழுத்தியிருப்பீங்க" என்றபடி மச்சினன் வாயை ஆவென்று திறந்து கடைவாய்ப் பல்லைத் தொட்டுக் காட்டினான். "நாலு மணிக்கு இதப் பிடுங்கணும், ஞாபகம் இருக்கில்ல? உங்க கையத் தவிர வேற யாரு கையையும் நான் நம்ப மாட்டேன்."