துவைக்காத சட்டை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. என் நாய்க்குக் காது மருந்து வாங்கக் கால்நடை மருத்துவமனைக்குப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், மடியில் பூனைக் கூண்டை வைத்துக்கொண்டு, கைபேசியில் சொன்னாள்: "உன் சட்டை ஒண்ணு அனுப்ப முடியுமா? துவைக்காதது." அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது நாற்காலி காலி.

நாய்க்குக் காது சரியாகிவிட்டது. எனக்குத்தான் அந்த வாக்கியம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மீதி எல்லாம் நான் கட்டியது.

2

தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"நெடுஞ்சாலையில் வேன் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கட்டிலும் பீரோவும்" – வேண்டாம், சாமான் கணக்காகிவிடும்.

"தனிமை என்பது" – இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.

"அவளுக்கு இரண்டு பூனைகள்." இது பரவாயில்லை. இப்படியே போகலாம்.

அவளுக்கு இரண்டு பூனைகள். மூத்தது மேனேஜர். ஒரு துரும்பையும் நகர்த்தாமல் வீட்டில் நடக்கும் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். இளையது பியூன். மேனேஜர் எங்கே போனாலும் பின்னாலேயே போகும். அவளுக்கும் ஒரு வேலை தர வேண்டுமே என்று, மருத்துவமனையில் சலவைப் பிரிவுப் பொறுப்பாளர் ஆக்கினேன். படுக்கை விரிப்புகளையும் அறுவைச் சிகிச்சை அங்கிகளையும் கொதிநீரில் போட்டு எடுத்து, மடித்து, அடுக்கி அனுப்பும் பிரிவு. தூரத்து ஊர் ஒன்றில், இதைவிடப் பெரிய மருத்துவமனையில், அதே வேலை அவளுக்குக் கிடைத்தது. ஒரு பகல் முழுக்கப் பயணம்.

கணவன் உடன் வரவில்லை. அவனில்லாத ஊர் வேண்டும் என்றுதான் அந்த வேலைக்கே மனுப் போட்டாள்.

(பிரியும் அளவுக்குச் சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எழுத எனக்கும் வசதியாக இருந்திருக்கும். பேச்சு தானாகத் தேய்ந்து, கடைசியில் இருவரும் பூனைகளைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது பூனைகளும் இவளோடு வந்துவிட்டன.)

3

வேனில் மேனேஜர் விடாமல் கத்தியது. ஓட்டுநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"ஏன்க்கா, இது வாயே மூடாதா?"

"பழகிடும்ங்க."

"அதுக்கா, எனக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். பழைய வீட்டின் தன் சாவியைக் கணவன் கையில் கொடுத்ததிலிருந்து அவளிடம் பேசிய முதல் ஆள் அவர்தான். சாமான்களை மாடிக்கு ஏற்றிவைத்துவிட்டு, "வரேன்க்கா" என்று போனார். இந்தக் கதையில் அவருக்கு இனி வேலையில்லை. இருந்தும் அவரை அனுப்ப எனக்கு மனசே வரவில்லை. அவளும் வேன் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றாள்.

புது வீட்டில் இரண்டு அறைகள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பியூன் வந்த அரை மணி நேரத்தில் எல்லா மூலையையும் மோந்து பார்த்துவிட்டு, வயிறு முட்டத் தின்று, அட்டைப்பெட்டிக்குள் குறட்டை விட்டது. மேனேஜர் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கியது. சாப்பாட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே.

4

"இப்படியே விட்டா ஈரல் கெட்டுரும்மா" என்றார் கால்நடை மருத்துவர். ஊசி போட்டார். கூழாகக் கரைத்த தீனியை ஊசிக்குழாயில் எடுத்து, கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டக் காட்டிக்கொடுத்தார். "இது உயிரைப் பிடிச்சு வைக்கத்தான். அதுவா சாப்பிடணும். பழைய வீட்டு வாசனை இருக்கிற துணி ஏதாவது பக்கத்துல போடுங்க. போர்வை, துண்டு, எதுனாலும் சரி. துவைச்சிருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் கூண்டுக்குள் விரித்திருந்த துண்டை எடுத்து மோந்து பார்த்தாள்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலிருந்த அத்தனை துணியையும் துவைத்திருந்தாள். திரைச்சீலை, தலையணை உறை, கால்மிதி, பூனைகள் படுக்கும் மெத்தையின் உறை. சுடுநீரில், மருந்து போட்டு, ஒன்று பாக்கியில்லாமல். தொழிலில் கைதேர்ந்தவள் மட்டுமே இத்தனை சுத்தமாகத் தவறு செய்ய முடியும்.

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் ஒரு சந்தேகம். பழக்கதோஷத்தில் துவைத்தாளா, பழைய வீடு ஒரு நூலில்கூட ஒட்டிக்கொண்டு வரக்கூடாது என்று துவைத்தாளா? கேட்டுப் பார்த்தேன். நான் உண்டாக்கிய ஆள்தான், ஆனாலும் என்னிடம் வாய் திறக்கவில்லை.)

"வழக்கமா எங்க படுக்கும்?" என்றார் மருத்துவர்.

"அவர் சட்டை மேலதான் டாக்டர். வந்ததும் கழட்டி நாற்காலில போடுவாரு. இது ஏறிப் படுத்துக்கும்."

அந்த நாற்காலிச் சட்டைக்காக அவள் வருஷக்கணக்கில் கத்தியிருக்கிறாள்.

5

வெளியே வந்து, எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவனைக் கூப்பிட்டாள். எண்ணை அழுத்துவதற்கு முன் மூன்று தடவை கைபேசியைப் பைக்குள் போட்டு எடுத்ததாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உயிர் போகும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு யாரும் அவ்வளவு கௌரவம் பார்க்க மாட்டார்கள்.

"உன் சட்டை ஒண்ணு அனுப்ப முடியுமா? துவைக்காதது."

அவன் கெக்கலித்துச் சிரித்தான் – இல்லை, அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

அவன் குரல் தழுதழுத்து – அதுவும் இல்லை.

"எதுக்கு?" என்றான்.

"மேனேஜர் சாப்பிட மாட்டேங்குது. டாக்டர் சொல்றாங்க."

"ஓ. மேனேஜருக்கா."

"வேற யாருக்கு?"

"இல்ல, சும்மா கேட்டேன். எதை அனுப்ப? அந்த நீலக் கட்டம் போட்டதா?"

"எதுனாலும் சரி. போட்டுக் கழட்டினது."

"சரி. நீ சாப்பிட்டியா?"*

"ம்."

சாப்பிடவில்லை. தன் ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைப்பது அவளுக்கு இன்னும் கைவரவில்லை.

* கூடப் படித்தவர்கள். அதனால் இருவருக்கும் நீ, வா, போதான். மருத்துவரிடம் மட்டும் "அவர்" ஆகிவிட்டான்.

6

பார்சல் வரும்வரை மேனேஜரைத் துண்டில் சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டு கூழ் புகட்டினாள். பாதி உள்ளே போனது. பாதி அவள் புடவையில். வேலைக்குப் போய்வந்தாள். அங்கே எல்லோரும் அவளை மேடம் என்றார்கள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்கள்.

பார்சல் வந்தது. கத்தரியைத் தேடப் பொறுமையில்லாமல் பல்லால் கிழித்தாள்.

உள்ளே நீலக் கட்டம் போட்ட சட்டை. துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, கையை உள்ளே மடித்து வைத்திருந்தான். அவளோடு இருந்த காலம் முழுக்க ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காதவன். முகத்தருகே கொண்டுபோனாள். சோப்பு வாசனை மட்டும்தான். கடையில் வாங்கியதில்கூட ஏதாவது மனுஷ வாசம் இருக்கும்.

கைபேசியில் அவன் எழுதியிருந்தான்: "அழுக்கா அனுப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. நீ திட்டுவியேன்னு துவைச்சிட்டேன். மேனேஜர் சாப்பிட்டுச்சா?"

அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஊருக்கு வந்து அவள் அழுதது அதுதான் முதல்முறை.

7

அப்போதுதான் மேனேஜர் வெளியே வந்தது.

காரணம் எதுவும் இல்லை. அழுகை கேட்டு வந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் அது அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. சட்டையைத் தாண்டிப் போனது. பியூனை ஒரு அடி அடித்துத் தள்ளிவிட்டு, அதன் கிண்ணத்தில் வாய்வைத்துச் சாப்பிட ஆரம்பித்தது. கடகடவென்று, வீடு முழுக்கக் கேட்கும்படி.

பூனை பிழைத்துவிட்டது. அதில் மாற்றமில்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஒரு ஒழுங்கான எழுத்தாளர் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்பார்.

ஆனால் அவன் கேட்ட கேள்வி அங்கேயே கிடக்கிறது. "சாப்பிட்டுச்சு" என்று எழுதினால், "அப்பாடா" என்று ஒரு பதில் வரும். அதன்பிறகு அவனுக்கு அவளிடம் கேட்க ஒன்றுமில்லை, அவளுக்குச் சொல்லவும் ஒன்றுமில்லை. எதை விட்டு இவ்வளவு தூரம் வந்தாளோ, அது உண்மையிலேயே முடிந்துபோகும். அவள் விரும்பியது அதைத்தான்.

"இன்னும் இல்ல" என்று எழுதினால் அவன் உடனே கூப்பிடுவான். இன்னொரு சட்டையை அனுப்புவான். இல்லாவிட்டால் அதைப் போட்டுக்கொண்டே ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து வாசலில் வந்து நிற்பான். வந்தபிறகு இருவரும் என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். பூனைகளைப் பற்றித்தான்.

"சா" என்று எழுதினாள். அழித்தாள். "இ" என்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

இரண்டு முடிவையும் எழுதி வைத்திருந்தேன். முதலாவது நியாயமானது, அதைப் படித்தபோது எனக்கு வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு யாருக்காவது போன் செய்ய வேண்டும்போல் இருந்தது. இரண்டாவது பொய். அதைப் படித்து ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். பொய்யைப் படித்துச் சந்தோஷப்படும் என்னைப் போன்ற ஒருவன் அவளுக்காக முடிவெடுக்கக் கூடாது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

உங்களுக்கு அவள்மேல் என்னைவிட அக்கறை இருக்கலாம். கைபேசியை உங்களிடம் கொடுக்கச் சொல்கிறாள். திரையில், அவன் மறுபடி ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது.