மாதம்மாள் வீட்டுத் தூணும் ஒரு விரற்கடைக் காற்றும்

1983ஆம் வருஷம் பங்குனி மாதம் இண்டூருக்கு அப்பால் இருந்த போலீஸ் சுடுதிடலில் ஏட்டு அருள்சாமி சுட்ட தோட்டா, மாதம்மாள் வீடு வந்து சேர இரண்டரை வருஷம் எடுத்துக்கொண்டது. ஐந்நூறு கஜத்தில் குறி தவறாதவர் என்று பெயரெடுத்தவர் அவர். அன்று பக்கத்திலிருந்த கொடி இடமிருந்து வலமாகப் பறந்தது. அதைப் பார்த்துக் குறிமுனையை இரண்டு கோடு இடப்பக்கம் திருகிக்கொண்டார். ஆனால் திடலின் நடுவில், இரண்டு கரடுகளின் இடுக்கிலிருந்து, காற்று வலப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அவர் திருகியதும் காற்று தள்ளியதும் ஒரே பக்கமாகிவிட, தோட்டா குறிக்குப் பின்னாலிருந்த மண்மேட்டைத் தாண்டி மாதம்மாளின் ராகிக் கொல்லைக்குள் போனது. அங்கே வேகம் குறைந்து, நெஞ்சு உயரத்தில், நாளைக்கு ஐந்து விரற்கடை வீதம் நகர ஆரம்பித்தது.

தாசில்தார் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். தொட்டவர்களுக்குக் கை கொப்பளித்தது. முனிராஜ் என்பவன் குறுக்கே கல்லடுக்கி, அதன்மேல் ஓர் ஆட்டுக்கல்லைத் தூக்கி வைத்தான். நாலாம் நாள் கல் இரண்டாகப் பிளந்தது. அதன்பிறகு களையெடுக்கிற பெண்கள் அந்த இடம் வந்தால் குனிந்துகொண்டார்கள். அருள்சாமியின் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிக்கொண்டு லத்தி கொடுத்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து பஸ் ஏறி வந்து, தோட்டாவின் பக்கத்தில் நின்று ஒரு செபமாலை சொல்லிவிட்டுப் போவார். முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. வருவதை நிறுத்தவில்லை.

மூன்றாம் வருஷம் வைகாசியில் தோட்டாவுக்கு நேராக நூல் பிடித்துப் பார்த்தார். நூல் மாதம்மாள் வீட்டின் நடுத்தூணில் போய் முட்டியது. புருஷன் நஞ்சப்பன் செத்தபின் அவள் தனியாளாகக் கட்டிய ஓட்டு வீடு அது. தூண் உடைந்தால் கூரை இறங்கிவிடும். தூணை மாற்ற வேண்டுமானால் ஓடுகளையெல்லாம் பிரிக்க வேண்டும். பிரித்தால் மறுபடி ஏற்ற அவளுக்கு வகையில்லை.

"கொடியப் பாத்தீங்களே ஏட்டய்யா, நடுவுல புல்லு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தீங்களா?" என்றாள் மாதம்மாள். "ராகி தூத்துற எங்கள ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போமில்ல."

"தப்புதாம்மா."

"தப்பு கெடக்குது. கூழக் குடிங்க."

குடித்துவிட்டு இருவரும் நடந்தார்கள். பத்தடிக்கு ஒருதரம் அவள் ஒரு பிடி உமியைத் தூவினாள். அது விழுகிற பக்கத்தை அவர் குறித்துக்கொண்டார். ஆடிக் காற்று இடப்பக்கமிருந்து அடித்தால் தோட்டா தூணை விட்டு விலகும். ஆனால் அந்தக் காற்றை மறைத்துக்கொண்டு வெங்கடாசலத்தின் ராகித்தாள் போர் நின்றது. வரப்புத் தகராறில் அவரும் மாதம்மாளும் ஆறு வருஷமாகப் பேசுவதில்லை. அருள்சாமிதான் போய்க் கேட்டார்.

"நீங்க சுடுவீங்க, நான் போரப் பிரிக்கணுமா? நல்லாயிருக்குதுங்க ஞாயம்! மழையில நனைஞ்சா மாடு என்னத்தத் தின்னும், உங்க தொப்பியவா?"

அருள்சாமி திரும்பி நடந்தார். தலைகுனிந்து பஸ் ஏறினார். அடுத்த ஞாயிறு வந்தபோது போர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. வெங்கடாசலம் ஒண்டியாகக் கட்டுக் கட்டாகச் சுமந்து, களத்துக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்தார். தாளில் பாதி ஆனி மழையில் நனைந்துபோயிருந்தது. ஏன் செய்தார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. மனுஷனுக்குள் கடவுள் எந்த வழியாகப் போய் வருகிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.

ஆடிக் காற்று தங்குதடையில்லாமல் அடித்தது. தோட்டா வாரத்துக்கு ஒரு நூல் அளவு விலகிக்கொண்டே வந்தது. புரட்டாசியில் முன்சுவரைத் துளைத்து உள்ளே வந்து, ஒரு வியாழக்கிழமை சாயந்தரம் தூணுக்கு நேரே வந்தது. ஞாயிறு காலை அருள்சாமி வந்தபோது அது தூணைத் தாண்டியிருந்தது. இடைவெளி ஒரு விரற்கடை. தூணிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு மட்டும் உதிர்ந்து கிடந்தது. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து செபமாலையை எடுத்தார்.

கார்த்திகையில் தோட்டா பின்சுவர் வழியாக வெளியேறியது. இரண்டு ஓட்டைகளையும் அருள்சாமியே மண் குழைத்துப் பூசினார். அடுத்து அது வெங்கடாசலத்தின் கொள்ளு அறுத்த கொல்லைக்குள் நுழைந்தது. அன்று காலை ஏர் பூட்டிக்கொண்டு வந்தவரை, வரப்பின் இந்தப் பக்கமிருந்து மாதம்மாள் கூப்பிட்டாள்.

"அண்ணா, வேப்பமரத்துக்கிட்ட வந்திருக்குதுங்க. குனிஞ்சு போங்க."

வெங்கடாசலம் குனிந்து போனார்.