அக்கா தேறிவிட்டாள் என்ற வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை நகைச்சுவைக் கதையாகத்தான் ஆரம்பித்தேன். தையல்கடையிலிருந்து அக்கா ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தாள். மற்றது வழியில் கழன்றது அவளுக்கே தெரியவில்லை. "யாரை நினைச்சுக்கிட்டு நடந்தே?" என்று கேட்டேன். அக்காவும் சேர்ந்து சிரித்தாள்.

முதல் வரி: 'மறதியில் என் அக்காவை அடித்துக்கொள்ள ஆளே…'

(இந்த வரியை அடித்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் தரையில் ரத்தத்தைப் பார்த்தேன். செருப்பில்லாத பாதத்தில் ஒரு குண்டூசி தலைவரை ஏறியிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.)

2

கதைசொல்லியை நம்பாதீர்கள். ஆறு மாதம் முன்பு அக்காவுக்கு முகம் வெளிறியது, நாக்கு எரிந்தது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தசோகை என்று நானே முடிவுகட்டி, மருந்துக்கடையில் ஃபோலிக் அமில மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் முகம் தெளிந்தது. 'அக்கா தேறிவிட்டாள்' என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தேன்.

(அப்போது ஒருநாள் "பாதத்துல பஞ்சு ஒட்டின மாதிரியே இருக்குடா" என்றாள். "நாள் முழுக்க மெஷின் மிதிச்சா அப்படித்தான்கா இருக்கும்" என்றேன். முதல் வரைவில் இதை விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான்.)

3

குண்டூசியை எடுத்து, ரத்தத்தையும் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"குறைஞ்சது பி12 வைட்டமின். அது இல்லேன்னா ரத்தமும் குறையும், நரம்பும் கெடும். உங்க மாத்திரை ரத்தத்தை மட்டும் சரிபண்ணிடுச்சு. நரம்பு அதுபாட்டுக்குக் கெட்டுக்கிட்டே இருந்திருக்கு."

"ஊசி போட்டா சரியாயிடுமா?"

"போடுவோம். எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாதுப்பா."

பயமாக இருக்கிறது. மெஷின் மிதியில் கால் இருக்கிறதா என்றே தெரியாமல் அக்கா எப்படித் தைப்பாள்? தையலை விட்டால் அவளுக்கு வேறென்ன தெரியும்?

4

முடிவு ஒன்று: ஊசிகள் முடிந்ததும் அக்கா

(இல்லை. அந்த வரியை இன்னொரு தடவை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.)

முடிவு இரண்டு: அக்கா மெஷினை விற்று

(இதையும் அடித்துவிட்டேன்.)

5

அதனால் நடப்பதை அப்படியே எழுதுகிறேன். அக்கா கட்டிலில் காலை நீட்டிக் கண்ணை மூடியிருக்கிறாள். டாக்டரம்மா வீட்டில் செய்து பார்க்கச் சொன்ன சோதனை இது. நான் ஏதாவது ஒரு கால்விரலைத் தொட வேண்டும், எது என்று அவள் சொல்ல வேண்டும். கையைக் கொண்டுபோகிறேன், இழுத்துக்கொள்கிறேன்.

"சுண்டுவிரல்! சரியாடா?" என்கிறாள் அக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.

நான் இன்னும் தொடவே இல்லை.

அவள் கண்ணைத் திறக்கப்போகிறாள். நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்கள், சீக்கிரம்.